லிப்பாட்டியும் ஒரு தப்பான வாக்கியமும்

தினு லிப்பாட்டியைப் பற்றி நான் அச்சில் எழுதியது மொத்தம் ஒரு வாக்கியம். அது தப்பு. 1978-ல், எப்போதோ நின்றுபோய்விட்ட ஒரு சிறுபத்திரிகையில், கவிதையைப் பற்றிய கட்டுரை ஒன்றின் நடுவே அதை உதாரணமாகச் சொன்னேன். ஷோபானின் இ மைனர் பியானோ கான்செர்ட்டோவை லிப்பாட்டி வாசித்திருக்கும் இசைத்தட்டின் இரண்டாம் பகுதியில், உலகத்திடம் விடைபெற்றுக்கொண்டிருக்கும் ஒருவனின் மூச்சு கேட்கிறது என்றும், மொழி அந்த இடத்தைத் தொடும்போதுதான் கவிதை ஆகிறது என்றும் எழுதியிருந்தேன். முந்நூறு பிரதி அச்சான பத்திரிகை. படித்தவர்கள் ஐம்பது பேர் இருக்கலாம். அவர்களில் இரண்டு பேர் அந்த வாக்கியத்தைப் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். கட்டுரையில் வேறு எதையும் பாராட்டவில்லை.

அந்த இசைத்தட்டில் வாசிப்பது லிப்பாட்டி அல்ல. 1982 வாக்கில் தில்லியிலிருந்த நண்பர் ஒருவர் இன்லண்டு கடிதத்தில் இதைத் தெரிவித்தார். ஆங்கிலப் பத்திரிகை எதிலோ படித்திருக்கிறார். கடிதத்தின் கடைசி வரிகள் இன்னும் நினைவில் இருக்கின்றன: "நீர் கேட்ட மூச்சு ஒரு போலந்துப் பெண்மணியுடையது. அவர் சௌக்கியமாக இருக்கிறார்." கடிதத்தை மடித்து வைத்தேன். திருத்தம் எழுதவில்லை. பத்திரிகைதான் நின்றுவிட்டதே, எங்கே எழுதுவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேறு பத்திரிகைகள் இருந்தன. அவற்றில் மற்றவர்களுடைய தப்புகளைப் பற்றி எழுதிக்கொண்டும் இருந்தேன். உண்மைக் காரணம் வேறு. அந்தக் கட்டுரையின் வாதம் முழுவதும் அந்த ஒரு உதாரணத்தின் மேல் நின்றது. அதை உருவினால் கட்டுரை சரிந்துவிடும். நண்பர் இன்று இல்லை. கடிதம் இருக்கிறது. போன மாதம் பழைய காகிதங்களைக் கழித்துக் கட்டியபோது மறுபடி கைக்கு வந்தது.

நடந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். லிப்பாட்டி 1950 டிசம்பர் 2-ம் தேதி ஜெனீவாவில், முப்பத்து மூன்றாவது வயதில், ஹாட்ஜ்கின் நோய் என்று சொல்லப்படும் நிணநீர்ப் புற்றுநோயில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற பதிவுகள் ஒரே நாளில் உட்கார்ந்து கேட்டுத் தீர்த்துவிடக்கூடிய அளவுதான். ஆகவே 1960-களின் நடுவில், ஷோபான் கான்செர்ட்டோவை அவர் ஒரு கச்சேரியில் வாசித்தபோது எடுத்தது என்று ஒரு ஒலிநாடா லண்டனில் ஈ.எம்.ஐ. கம்பெனியின் கைக்கு வந்தபோது அது புதையலாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. தட்டு வெளிவந்தது. கொண்டாடப்பட்டது. ஏறத்தாழ பதினைந்து வருஷம் அது லிப்பாட்டியாகவே வாழ்ந்தது. 1981-ல் பி.பி.சி. வானொலி அதை ஒலிபரப்பியபோது கேட்டுக்கொண்டிருந்த நேயர் ஒருவருக்கு, இது செக் நாட்டு ஸூப்ராஃபோன் தட்டு ஒன்றைப் போலவே இருக்கிறதே என்று பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டதும் சந்தேகம் தீர்ந்தது. பியானோ ஹலீனா செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா. உடன் வாசித்தது செக் ஃபில்ஹார்மானிக். நடத்தியவர் வாட்ஸ்லாவ் ஸ்மெட்டாச்செக். 1950-களின் ஆரம்பத்தில் எடுத்த பதிவு. மறைத்து வைக்கப்பட்ட நாடா ஒன்றுமில்லை. காசு கொடுத்தால் கடையில் கிடைத்த தட்டு.

செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா சாதாரண வாசிப்புக்காரர் அல்ல. 1922-ல் பிறந்தவர். 1949-ல் வார்ஸாவில் நடந்த ஷோபான் போட்டியில் பெல்லா டவிடோவிச்சுடன் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிறு பெண்ணாக இருந்தபோது பாரிஸில் ஆல்ஃப்ரெட் கொர்த்தோவிடம் படித்தவர். லிப்பாட்டிக்கும் கொர்த்தோதான் குரு. அந்த அளவுக்கு இரண்டு பேரின் கைகளும் ஒரு வீட்டுக் கைகள் என்று சொல்லலாம். பதிவு செய்தபோது அவருக்கு முப்பது வயது இருக்கும். தேசமே கொண்டாடிய பெரிய பரிசு கையில் இருக்கிறது. முன்னால் ஐம்பது வருஷக் கச்சேரி வாழ்க்கை இருக்கிறது. 2001-ல்தான் காலமானார். விடைபெறுகிற எந்த நினைப்பும் அந்தப் பெண்ணுக்கு இருந்திருக்க முடியாது. அதே ஸ்வரங்கள் அவருடைய சொந்தப் பெயரில் கடையில் கிடந்தபோது என்னைப் போன்ற எவனும் அதில் மரணத்தைக் கேட்கவில்லை. இந்த விவகாரத்தில் ஏமாற்றப்பட்டவர்கள் ரசிகர்கள் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் சம்பாதித்த புகழ் இன்னொருவர் கணக்கில் பதினைந்து வருஷம் ஏறிக்கொண்டிருந்ததை அவர் ஒரு நாள் தெரிந்துகொண்டார். அது தெரிந்தவுடன் அந்தப் புகழ் அவர் கணக்குக்கு வந்து சேர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. காற்றில் போய்விட்டது.

இந்த இடத்தில் தப்பித்துக்கொள்ள இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் நான் பரீட்சித்துப் பார்த்திருக்கிறேன். முதலாவது, எனக்கு அப்போதே கொஞ்சம் சந்தேகம் இருந்தது என்பது. இதைச் சொன்ன ஆங்கிலேயர்கள் பலர் இருந்திருப்பார்கள். எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. இரண்டாவது, இன்னும் சொகுசான வழி: வாசிப்பைப் பற்றிய பேச்சு எல்லாமே பெயரைப் பற்றிய பேச்சுதான், உறையில் இருப்பதைத்தான் காது கேட்கிறது, ரசனை என்பதே ஒரு பிரமை என்று கைகழுவிவிடுவது. 2007-ல் ஜாய்ஸ் ஹாட்டோ என்ற ஆங்கிலப் பெண்மணியின் பெயரில் வந்த ஏராளமான தட்டுகள் மற்றவர்களுடைய பதிவுகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்று அம்பலமானபோது இந்தப் பாட்டு மறுபடி கேட்டது. கேட்க புத்திசாலித்தனமாக இருக்கிறது. ஆனால் ஸூப்ராஃபோன் தட்டை அடையாளம் கண்டுபிடித்த அந்த நேயர் எதை வைத்துக் கண்டுபிடித்தார்? காதை வைத்துத்தான். உறை அவரிடம் லிப்பாட்டி என்றது, வானொலி லிப்பாட்டி என்றது, காது இல்லை என்றது. காது என்று ஒன்று இருக்கிறது. என்னுடையது அன்றைக்கு வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

வேலை செய்யாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அந்தத் தட்டை ஒரு நண்பர் மூர் மார்க்கெட்டில் பழைய ரிக்கார்டுகளுக்கு நடுவிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு மேற்கத்திய சங்கீதத்தில் பயிற்சி கிடையாது, ஸ்வரக்குறிப்பு படிக்க வராது. கேட்டுக் கேட்டுப் பழகிய காது. ஆனால் லிப்பாட்டியின் கதையை அதற்கு ஒரு வருஷம் முன்பே எங்கேயோ படித்திருந்தேன். ஆகவே ஊசி தட்டில் இறங்குவதற்கு முன்பே என் வாக்கியம் தயாராக இருந்தது. இரண்டாம் பகுதி மெதுவாகப் போகிறது. மெதுவாகப் போவது சோகம், வாசிப்பவன் நோயாளி, ஆகவே விடைபெறுகிறான். இதற்குக் காது எதற்கு?

இதை யோசித்துக்கொண்டே போனபோதுதான் நான் இத்தனை நாள் பார்க்க மறுத்த விஷயம் தெரிந்தது. அந்தத் தட்டில் வாசித்தது லிப்பாட்டியாகவே இருந்திருந்தாலும் என் வாக்கியம் தப்புத்தான். 1981-ல் அது தப்பாகவில்லை. 1978-லேயே தப்பாக இருந்தது. ஆள் மாறாட்டம் தற்செயலாக அதைக் காட்டிக்கொடுத்தது. காட்டிக்கொடுக்கப்படாத இதே போன்ற வாக்கியங்கள் எவ்வளவோ உலவிக்கொண்டிருக்கின்றன. இங்கே பாரதியையும் புதுமைப்பித்தனையும் படிக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முப்பத்தெட்டு வயதில் போனார், நாற்பத்திரண்டு வயதில் போனார் என்ற கணக்கைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் நாம் வரிகளுக்குள் நுழைகிறோம். புதுமைப்பித்தனின் சிரிப்பைக்கூட இருமலாகக் கேட்டுவிட்ட கட்டுரைகள் உண்டு. போகட்டும்.

லிப்பாட்டியின் கதை இப்படிப்பட்ட வாக்கியங்களுக்கென்றே செய்தது போல இருக்கிறது என்பது உண்மை. 1917-ல் புகாரெஸ்டில் பிறப்பு. தகப்பனார் வயலின்காரர், தாயார் பியானோ. ஞானத்தந்தை ஜார்ஜ் எனெஸ்கு. 1933-ல் வியன்னாவில் போட்டி. முதல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை என்று கொர்த்தோ நடுவர் குழுவிலிருந்து விலகி, பையனைப் பாரிஸுக்கு அழைத்துக்கொள்கிறார். அங்கே நாடியா பூலான்ஜேயிடமும் பால் ட்யூகாவிடமும் படிப்பு. யுத்தத்தின் நடுவில், 1943-ல், பின்னால் மனைவியாகப்போகும் மாடலீனுடன் ருமேனியாவை விட்டு வெளியேறி ஸ்விட்ஸர்லாந்து. ஜெனீவாவில் ஆசிரியர் வேலை. 1946-ல் வால்டர் லெக் என்ற தயாரிப்பாளர் மூலம் லண்டன் கம்பெனியுடன் ஒப்பந்தம். 1947-ல் நோய் இன்னதென்று தெரிகிறது. பயணங்கள் ரத்தாகின்றன. 1950 கோடையில், அப்போது புதிதாக வந்திருந்த கார்டிஸோன் மருந்தால் சில வாரங்களுக்குத் தெம்பு வருகிறது. அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று லண்டனிலிருந்து ஆட்களும் கருவிகளும் ஜெனீவா வானொலி நிலையத்துக்குப் போகிறார்கள். அந்த ஜூலையின் பன்னிரண்டு நாட்களுக்குள் பாஹின் முதல் பார்ட்டிட்டா, மொஸார்ட்டின் ஏ மைனர் ஸொனாட்டா, ஷோபானின் பதினான்கு வால்ட்ஸ்கள், இன்னும் சில பாஹ் சிறு உருப்படிகள், ஒரு மஸூர்க்கா எல்லாம் பதிவாகின்றன. இதற்குமேல் ஐதீகம் வளர என்ன வேண்டும்? பூலாங்க் அவரைத் தெய்வீகமான ஆத்மா கொண்ட கலைஞர் என்றார். அன்றிலிருந்து அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் எழுதுகிறார்கள்.

தட்டுகளில் இந்தப் புனிதர் எங்கே இருக்கிறார்? இந்தக் கேள்வியோடு போன மாதம் முழுவதும் உட்கார்ந்து கேட்டேன். நான் கேட்டதைச் சொல்கிறேன்.

மொஸார்ட்டின் ஏ மைனர் ஸொனாட்டாவே ஏற்கனவே ஒரு மரணக் கதையின் சுமையோடு வருவது. 1778-ல் பாரிஸில் எழுதப்பட்டது. அந்த வருஷம் அங்கே மொஸார்ட்டின் தாயார் இறந்தார். ஆகவே அதை அழுகையாகவே வாசிக்கவும் கேட்கவும் பழகியிருக்கிறோம். லிப்பாட்டி வாசிப்பதைக் கேளுங்கள். முதல் பகுதியின் தொடக்கத்தில் வலது கை விட்டு விட்டுக் குதித்துப் போக, இடது கை ஒரே ஸ்வரக் கூட்டத்தைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறது. மற்றவர்கள் அநேகமாக இந்த இடது கையை விதியின் சம்மட்டியாக்கிவிடுவார்கள். லிப்பாட்டியின் இடது கை சம்மட்டி இல்லை. தாளக்காரனின் கை. எடை ஏற்றாமல், ஒரு இழைகூட நகராமல் நின்றுகொண்டிருக்கிறது. அது நகராததால்தான் வலது கையில் இருக்கும் பதற்றம் பதற்றமாகத் தெரிகிறது. துக்கத்தைக் காட்டுகிற வேலையை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. மெதுவான பகுதியில் எங்கேயாவது ஒரு ஸ்வரத்தின் மேல் சாய்ந்து நின்று நம் முகத்தைப் பார்ப்பாரா என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. வாக்கியம் எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடிகிறது.

பாஹின் பார்ட்டிட்டாவில் கடைசி நடனம், ஜீக். அதில் ஒரு கை நடுவில் ஓடிக்கொண்டே இருக்க மற்றக் கை அதன் மேலாகத் தாண்டித் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குத்திவிட்டு வர வேண்டும். கண்ணால் பார்த்தால் வித்தை. காதால் கேட்கும்போது இரண்டு மூன்று பேர் ஒருவரோடொருவர் வம்பளந்துகொண்டிருப்பது போல இருக்கும். லிப்பாட்டியின் தட்டில் அது கேட்கிறது. ஒவ்வொரு குரலுக்கும் தனி எடை, தனி நிறம். யாருடைய பேச்சும் இன்னொருவர் பேச்சில் கரைவதில்லை. இதில் ஆத்மாவைத் தேடுகிறவர்கள் தேடட்டும். எனக்குக் கேட்டது கடுமையான வேலை, அதோடு ஒரு விஷமம். இந்த விஷமத்தைப் பற்றி யாரும் எழுதிப் படித்ததாக எனக்கு நினைவில்லை. செத்துக்கொண்டிருப்பவனுக்கு விஷமம் கூடாது போலும்.

ஏ ஃப்ளாட்டில் ஓபஸ் 42 என்ற வால்ட்ஸ் இருக்கிறது. இடது கையில் வால்ட்ஸுக்குரிய மூன்றடித் தாளம். அதன் மேல் வலது கை மெட்டை இரண்டடியாகப் போடுகிறது. மூன்றுக்கு இரண்டு. லயத்தோடு கொஞ்சம் பழக்கம் உள்ள நம்மவர்களுக்கு இதில் அதிசயம் இல்லை. ஆனால் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டில் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். ஒன்று மெட்டு தடுமாறும், அல்லது தாளம் மெட்டுக்கு வால் பிடிக்கும். லிப்பாட்டியிடம் இரண்டும் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று கேலி செய்துகொண்டே போகின்றன. காய்ச்சலில் இருக்கும் ஒருவர் வாசிக்கிறார் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லாமல் இதிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. அவர் செய்திருக்கும் காரியமே அது முடியாதபடி செய்ததுதான்.

இன்னும் பின்னால் போனால் 1948 ஏப்ரலில் எடுத்த ராவெல் தட்டு. கோமாளியின் காலைப்பாட்டு என்று பொருள்படும் ஸ்பானியப் பெயர் கொண்ட உருப்படி. ஒரே ஸ்வரத்தை மிருதங்கச் சொல் போலப் பொரிந்து தள்ள வேண்டும். இரட்டை ஸ்வரங்களாகச் சேர்த்து விரலைக் கட்டைகளின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். விரல் தோல் கிழியக்கூடிய இடம். லிப்பாட்டி அதைக் கத்தி வீசுவது போல வீசிவிட்டுப் போகிறார். புனிதரைக் கும்பிடுகிறவர்கள் இந்தத் தட்டை அதிகம் எடுப்பதில்லை. அதேபோல 1943-ல் பெர்ன் வானொலிக்காக வாசித்த எனெஸ்குவின் மூன்றாவது ஸொனாட்டா. ஊரைவிட்டு வந்த புதிதில், ஞானத்தந்தையின் சங்கீதம். ஒலி மட்டமாக இருக்கிறது. இரைச்சலுக்கு அப்பால் ஒரு இளைஞனின் துள்ளல், முரட்டுத்தனம் என்றுகூடச் சொல்லலாம், அப்படியே இருக்கிறது. அவர் சங்கீதம் எழுதவும் செய்தவர். இடது கைக்கு மட்டும் ஒரு சிறு ஸொனாட்டா எழுதியிருக்கிறார். எழுதுகிறவனின் காது அவருடைய வாசிப்பு முழுவதிலும் இருக்கிறது. இந்த ஸ்வரம் ஏன் இங்கே வந்தது என்று தெரிந்துகொண்டு அழுத்துகிறார்.

வால்டர் லெக் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். சாய்கோவ்ஸ்கியின் கான்செர்ட்டோவைப் பதிவு செய்யலாமா என்று கேட்டபோது லிப்பாட்டி மூன்று வருஷம் அவகாசம் கேட்டாராம். பீத்தோவனின் ஐந்தாவது கான்செர்ட்டோவுக்கு நான்கு வருஷம். இதையும் ஐதீகத்தில் சேர்த்துவிட்டார்கள், சாவின் நிழலில் நிற்பவன் நாலு வருஷம் கேட்கிறான் பாருங்கள் என்று. எனக்கு இதில் தெரிவது ஒரு தொழில்காரனின் கறார்க் கணக்கு. தச்சனிடம் கதவு எப்போது கிடைக்கும் என்று கேட்டால், மரம் காய வேண்டும் என்பான். நீங்கள் அவசரப்பட்டால் அவனுக்கு என்ன? லிப்பாட்டிக்கு அவசரப்படக் காரணம் இருந்தும் அவசரப்படவில்லை என்பதைத்தான் சொல்ல முடியும். அதற்குமேல் சொல்வது நம் சரக்கு.

இவ்வளவு சொன்ன பிறகு பெஸான்ஸான் கச்சேரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன். ஏனென்றால் என் வாதம் அங்கே தடுமாறுகிறது.

1950 செப்டம்பர் 16. ஃபிரான்ஸில் பெஸான்ஸான் நகரத்து இசைவிழா. கார்டிஸோன் கொடுத்த தெம்பு போய்விட்டது. டாக்டர் வேண்டாம் என்றார். ஒப்புக்கொண்டாயிற்று, வாசித்தே ஆக வேண்டும் என்று இவர் போனார். வானொலிக்காரர்கள் பதிவு செய்தார்கள். பாஹ், மொஸார்ட், ஷூபர்ட்டின் இரண்டு இம்ப்ராம்ட்டுகள், பிறகு பதினான்கு வால்ட்ஸ்களும் என்பது நிகழ்ச்சி. பதிமூன்று வாசித்தார். பதினான்காவதை வாசிக்க முடியவில்லை. பிறகு வந்து, மைரா ஹெஸ் பியானோவுக்கு மாற்றிய அந்தப் பாஹ் கோராலை வாசித்து முடித்ததாக அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். தட்டில் அது இல்லை.

தட்டில் இருப்பது என்ன? முதலில் கைதட்டல். பிறகு பாஹ் தொடங்குவதற்கு முன் பியானோவின் மேல் கையை ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறார். அந்தக் காலத்துப் பழக்கம் அது. வரப்போகும் உருப்படியின் சுருதியைக் காதில் விதைத்துவிட்டு ஆரம்பிப்பது. நம் வித்வான்கள் தம்பூரா சேர்ந்ததும் ஸட்ஜத்தைத் தொட்டுப் பார்ப்பது போல. ஸ்டூடியோவில் எடுத்த ஜெனீவாத் தட்டில் இது கிடையாது. நாலைந்து விநாடிதான். யாரும் எழுதி வைத்த சங்கீதம் இல்லை. அந்தச் சாயங்காலத்துக்கு மட்டும் சொந்தமானது. இதைக் கேட்கும்போது மட்டும் எனக்கு என்னவோ ஆகிறது. இத்தனை கறாராகப் பேசிக்கொண்டு வந்தவன் இந்த இடத்தில் காதை நம்ப முடியாமல் நிற்கிறேன். இது எனக்குத் தெரிந்த கதையின் வேலையா, கேட்கிற ஒலியின் வேலையா? வேறு யாராவது, சௌக்கியமாக இருக்கிற யாராவது, இப்படிக் கையை ஓட்டியிருந்தால் எனக்கு இது நேருமா? அநேகமாக நேராது. அப்படியானால் நான் 1978-க்கே திரும்பிவிட்டேனா?

அப்படியும் சொல்ல முடியவில்லை. 1978-ல் நான் சங்கீதத்துக்குள் கதையை வைத்துப் பார்த்தேன். பெஸான்ஸானில் கதை சங்கீதத்துக்கு வெளியே நிற்கிறது. வாசிப்புத் தொடங்கியதும் அது உள்ளே வருவதற்கு அவர் இடம் கொடுப்பதில்லை. ஷூபர்ட்டின் ஜி ஃப்ளாட் இம்ப்ராம்ட்டு ஒன்றே போதும். நீண்ட மெட்டு ஒன்று, கீழே இடைவிடாத அலை. சொட்டுச் சொட்டாக இழுத்து, இதோ கடைசி, இதோ கடைசி என்று வாசிக்க இதைவிட வசதியான உருப்படி கிடையாது. அவர் அதை நடக்க விடுகிறார். அலை நிற்பதில்லை. ஜெனீவாப் பதிவோடு ஒப்பிட்டால் வால்ட்ஸ்களில் இங்கே கொஞ்சம் வேகம், கொஞ்சம் காரம், விரல் பிசகுகிற இடங்களும் உண்டு. பிசகுகிற இடத்திலும் தாளம் பிசகுவதில்லை. கடைசியாகக் கேட்பது ஓபஸ் 18. ஷோபான் அச்சிட்ட முதல் வால்ட்ஸ், நடன அரங்குக்கான, படபடவென்று ஒரே ஸ்வரத்தில் தட்டிக்கொண்டு போகும், கொஞ்சம் ஆடம்பரமான உருப்படி. நாற்காலி வரை நடந்து வருவதே சிரமமாக இருந்த ஒருவர் இதை ஏறத்தாழ முடிவில் வைத்திருந்தார். வரிசை அவராக அமைத்தது. அச்சில் இருக்கும் வரிசை அல்ல.

உண்மையான லிப்பாட்டி அந்த இ மைனர் கான்செர்ட்டோவை வாசித்த பதிவும் பிற்பாடு கிடைத்தது. 1950 பிப்ரவரி 7, ஸூரிக், ஆட்டோ ஆக்கர்மான் நடத்தியது. போலி வெளிப்பட்ட பிறகு தேடிப்பிடித்து வெளியிட்டார்கள். ஒலி மங்கல். இரண்டாம் பகுதி வந்தபோது நான் கொஞ்சம் பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், என் பழைய வாக்கியம் வந்துவிடுமோ என்று. வரவில்லை. அடுத்த நாள் செர்னி-ஸ்டெஃபான்ஸ்காவின் தட்டை, அவருடைய பெயர் போட்ட உறையோடு, அவருடைய வாசிப்பாகவே முதன்முறையாகக் கேட்டேன். அவருடைய இரண்டாம் பகுதி அழகாக இருக்கிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குப் போவதில் அவருக்கு லிப்பாட்டியைவிட அதிக ஆசை இருக்கிறது, சற்றுத் தாமதிக்கிறார், அனுபவிக்கிறார். முப்பது வயதுப் பெண், உலகத்திலிருந்து எங்கும் போகிற உத்தேசம் இல்லாதவர். இதை எப்படி நான் விடைபெறுதலாகக் கேட்டேன் என்பது இப்போது எனக்கு விளங்கவில்லை. இப்படிச் சொல்வதிலும் அவருடைய வயதை நான் உள்ளே இழுத்துவிட்டேனோ என்னவோ.

பதினான்காவது வால்ட்ஸ் ஏ ஃப்ளாட்டில் ஓபஸ் 34-ன் முதலாவது. பெஸான்ஸானில் விட்டுப்போனது ஜெனீவாத் தட்டில் இருக்கிறது. ஜூலையில் வாசித்தது. அங்கேயும் கடைசியில்தான் வருகிறது. ஏறத்தாழ ஐந்து நிமிஷம். அதை மட்டும் தனியாக எடுத்துப் போட்டுக் கேட்டேன். முதலில் கூட்டத்தை விலக்குவது போல ஒரு முன்னுரை, பிறகு நடனம், நடுவில் கொஞ்சம் தணிந்து மறுபடி முதல் நடனம். முடிவில் ஓசை தூரமாகிக்கொண்டே போகிறது. நடனக்காரர்கள் அடுத்த அறைக்குப் போய்விட்டது போல.